டீப் பர்ப்பளும் தேவாரமும் கேட்கிற ஒரு தொண்டரோட நீண்ட பதிவு



வழக்கமா நான் இங்க போடுறது உபய நேரம், பால்குடப் பதிவு, அன்னதானத்துக்கு வெங்காயம் நறுக்க ஆள் வேணும், இந்த மாதிரி விஷயம்தான். இன்னிக்கு வேற விஷயம். கொஞ்சம் நீளம். தேத்தண்ணி கலக்கிக்கிட்டு வந்து உட்கார்ந்து படிங்க.

நம்ம கோவிலுக்கு வர்ற அக்கா ஒருத்தர் போன மாசம் என்கிட்ட கேட்டாங்க, "தம்பி, நீங்க வர்றப்ப உங்க கார்ல இருந்து இரும்புக் கடையில தட்டுற மாதிரி ஒரு சத்தம் வருதே, அது என்னா பாட்டு?"

அது டீப் பர்ப்பள் அக்கா. எனக்கு 54 வயசு. காலையில நடை திறக்கறப்ப சீர்காழி கோவிந்தராஜனைப் போட்டுவிடுறதும் நான்தான். ராத்திரி நடை சாத்தினப்புறம் வீட்டுக்குப் போற வழியில "ஹைவே ஸ்டார்" கேட்கிறதும் நான்தான். ரெண்டுக்கும் நடுவுல எனக்குள்ள ஒரு நாளும் சண்டை வந்தது கிடையாது. ஆனா இதை இப்ப எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதைப் பின்னாடி சொல்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது கிள்ளான் பக்கத்துல ஒரு செம்பனைத் தோட்டம். லயத்து வீடு. அப்பா குலை வெட்டுற வேலை. எங்க வீட்ல காலையில ரேடியோ ஆறு. இன்னிக்கு மின்னல் எஃப்எம்னு சொல்றோமே, அதேதான். டி.எம்.எஸ். குரல்ல முருகன் பாட்டு ஓடும், அம்மா அடுப்படியில, அப்பா சப்பாத்து மாட்டிக்கிட்டு இருப்பாரு. அதுதான் எங்க வீட்டுச் சுப்ரபாதம்.

எனக்கு ராக் பாட்டைக் காட்டினது எங்க பெரியம்மா மகன். அவரு போர்ட் கிள்ளான் துறைமுகத்துல வேலை பார்த்தாரு. கப்பல்ல வர்ற ஆளுங்ககிட்ட இருந்து கேசட் வாங்கிட்டு வருவாரு. அப்படி ஒரு நாள் கொண்டு வந்ததுதான் டீப் பர்ப்பளோட "மேட் இன் ஜப்பான்". 1972-ல ஓசாக்காவுலயும் தோக்கியோவுலயும் மேடையில வாசிச்சதை அப்படியே பதிவு செஞ்சது. அதுல ஒரு பாட்டுல மத்தவங்க எல்லாம் ஒதுங்கிடுவாங்க, டிரம்ஸ்காரர் இயன் பெய்ஸ் மட்டும் தனியா நின்னு அடிப்பாரு. இன்னொரு இடத்துல கித்தார் ஒண்ணு கேட்கும், ஆர்கன் பதில் சொல்லும். எனக்கு அப்ப பதினாலு வயசு. இங்கிலீஷ்ல ஒரு வரி புரியல. ஆனா "இது நமக்குத் தெரிஞ்ச விஷயமாச்சே"னு தோணுச்சு.

ஏன் தெரியுமா? எங்க தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுல இதைத்தானே பார்த்துக்கிட்டு வளர்ந்தோம்! நாதஸ்வரம் ரெண்டு பேரு மாத்தி மாத்தி வாசிப்பாங்க. அப்புறம் நாதஸ்வரத்தைக் கீழ இறக்கிட்டு வெத்தலை போடுவாங்க. தவில்காரர் தனியா பிடிச்சுக்குவாரு. சாமி அசையாம நிக்கும், சனம் அசையாம நிக்கும். மைக் இல்லாமலேயே நாலு லயத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும். சத்தம்னா என்னன்னு எங்களுக்கு வெள்ளைக்காரன் வந்து சொல்லித்தர வேண்டியதில்ல.

அப்புறம் வந்தது எங்க நாட்டு ராக் காலம். இளைய தலைமுறைக்குத் தெரியாது, சொல்றேன். எண்பதுகள் நடுவுல இருந்து மலேசியாவே கித்தார் சத்தத்துல அதிர்ந்துச்சு. "ராக் காப்பாக்"னு பேரு. காப்பாக்னா கோடாலி. ஒட்டிக்கிட்டு இருக்கிற ஜீன்ஸ், உயரமான வெள்ளைச் சப்பாத்து, தோள் வரைக்கும் முடி. ஜொகூர் பாருவுல இருந்து வந்த "சர்ச்" குழு 1985-ல முதல் ஆல்பம் போட்டுச்சு. அப்புறம் "விங்ஸ்". 1989-ல சர்ச் குழுவோட "இசபெல்லா" வந்தப்ப பஸ்ஸுல, முடிவெட்டுற கடையில, பாசார் மாலாமுல, எங்க போனாலும் அதுதான். இந்தோனேசியா வரைக்கும் போய்ச் சேர்ந்த பாட்டு அது.

இதுல ஒரு கூத்து. எங்க பாட்டி என்னைத் தேடினப்ப, "அவன் சர்ச் பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கான்"னு தங்கச்சி சொல்லிட்டா. பாட்டி அழுதுக்கிட்டே வந்து, "அய்யா, மாரியாத்தா உனக்கு என்னடா குறை வச்சா, ஏன்டா மாதாகோவிலுக்குப் போற?"ன்னு கேட்டாங்க. சர்ச்னா தேடல்னு அர்த்தம் பாட்டின்னு விளக்கிச் சொல்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

அதே மாதிரி 1988-ல விங்ஸ் ஆல்பம் ஒண்ணு, பேரு "ஹுக்கும் கர்மா". கர்ம விதி! அப்பா கேசட் அட்டையை எடுத்துப் பார்த்தாரு. நீளமுடிக்காரங்க படத்தைப் பார்த்தாரு, பேரைப் படிச்சாரு, என்னைப் பார்த்தாரு. "எல்லாம் என் கர்மம்"னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு.

நம்ம ஆளுங்களும் அந்த உலகத்துல இருந்தாங்க. பினாங்கு "எல்லிகேட்ஸ்" குழுவை மறக்க முடியுமா? டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், அண்ணன் தம்பி. பஞ்சு மாதிரி சுருட்டை முடி. அவங்க பாடினது ராக் இல்ல, கொஞ்சம் மென்மையான மலாய் பாட்டு. ஆனா நாடே கேட்ட மலாய் ஆல்பத்து அட்டையில ஆறுமுகம்னு முருகன் பேரு இருந்துச்சே, அது எங்க தோட்டத்துப் பையன்களுக்குச் சின்ன விஷயம் இல்ல. லோகா 2007-ல காலமானப்ப தமிழங்க மட்டுமா வருத்தப்பட்டாங்க, எல்லா இனமும்தான்.

கேசட் வாங்குறதே ஒரு விரதம் மாதிரி. ஒரு கேசட்டுக்கு ஆறு பேரு பங்கு போட்டு வாங்குவோம். முதல் நாள் ஒருத்தன் வீடு, அடுத்த நாள் இன்னொருத்தன் வீடு. நாடா சிக்கிக்கிட்டா பென்சிலை விட்டுச் சுத்தி எடுக்கணும். ஏ பக்கம் முப்பது நிமிஷம், திருப்பிப் போட்டா பி பக்கம் முப்பது நிமிஷம். பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போகணும்னா குத்துமதிப்பா ஓட்டி நிறுத்தணும், அதுக்குப் பதிலா கேட்டே தொலைச்சிடலாம். அப்படிக் கேட்டுக் கேட்டு, பிடிக்காத பாட்டுதான் கடைசியில ரொம்பப் பிடிச்ச பாட்டா ஆயிடும்.

அந்த ஆறு பேருல ஒருத்தன் என் உயிர்க் கூட்டாளி. அடுத்த லயம். அவன் பேரை இங்க போடல, அவன் குடும்பம் இன்னும் நம்ம வட்டாரத்துலதான் இருக்கு. நான் கப்போக் கித்தார் ஒண்ணு வச்சுக்கிட்டு மூணு கட்டையை மாத்தி மாத்திப் பிடிக்கிறவன். அவன் அப்படி இல்ல. கைதான் அவனுக்கு வரம். மைலோ டின், மண்ணெண்ணெய் டின், உடைஞ்ச மரநாற்காலி, எது கிடைச்சாலும் தாளம்தான். தவில்காரர் ஊருக்கு வந்தா அவரு கூடவே சுத்துவான், வெத்தலை வாங்கிக் குடுப்பான், பக்கத்துல உட்கார்ந்து தொடையில தட்டிக்கிட்டே இருப்பான்.

பெரியம்மா மகன் ஒரு தடவை "சக்தி"னு ஒரு கேசட் கொண்டு வந்தாரு. ஜான் மெக்லாஃப்லின்னு ஒரு வெள்ளைக்காரர் கித்தார், எல். சங்கர் வயலின், ஜாகீர் உசேன் தபேலா, நம்ம விக்கு விநாயக்ராம் கடம். 1976-ல வந்த ஆல்பம். ராக், ஜாஸ்னு மின்சாரக் கித்தார் வாசிச்சு உலகத்தையே கலக்கின மனுஷன், கடைசியில கடத்துக்குப் பக்கத்துல வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டாரு. என் கூட்டாளி அதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னான், "பானையில இவ்வளவு இருக்குன்னா டின்னுல ஏன்டா இருக்காது?"

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

1989 திருவிழா. என் கூட்டாளிக்குத் தோள் வரைக்கும் முடி. குளிச்சு, வேட்டி கட்டி, திருநீறு பூசி, முடியை இறுக்கிக் கட்டிக்கிட்டுச் சாமி தூக்க வந்து நின்னான். அன்னிக்குப் பொறுப்புல இருந்த ஒருத்தரு எல்லார் முன்னாடியும் அவனைக் கையைக் காட்டி, "பொம்பள மாதிரி முடி வச்சுக்கிட்டுச் சாமி தோள் குடுக்க வந்துட்டியா? போ, வெட்டிட்டு வா"ன்னு சொன்னாரு. ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. அவன் திரும்பப் பேசல. தோள்ல போட்டிருந்த துண்டை எடுத்து மடிச்சு, திண்ணையில வச்சுட்டுப் போயிட்டான்.

அப்புறம் அவன் கோவிலுக்கு வரவே இல்ல.

1992-ல ஒரு சங்கதி நடந்துச்சு, என் வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீளமுடி ராக் பாடகர்களை ஆர்டிஎம்-ல காட்டக்கூடாதுன்னு தடை. கடைசியில சர்ச் ஏமியும் விங்ஸ் அவியும் தகவல் அமைச்சர் கையால முடி வெட்டிக்கிட்டாங்க, அது டிவியில வந்துச்சு. ஒரு தலைமுறையே வாயைப் பொத்திக்கிட்டுப் பார்த்துச்சு. என் கூட்டாளி மட்டும் சிரிச்சான். "அவங்களுக்காவது அமைச்சர்டா. எனக்கு நம்ம ஊரு ஆளு"ன்னான். அந்தச் சிரிப்பு நல்லா இல்ல. மூணு வருஷம் ஆகியும் அவன் மறக்கலைன்னு அப்பதான் எனக்கு உறைச்சுச்சு.

லாரி ஓட்டப் போனான். கல்யாணம் ஆச்சு, புள்ளைங்க ஆச்சு. தீபாவளிக்கு வீட்டுக்குப் போவேன், அவனும் வருவான். கோவில் பேச்சு எடுத்தா மட்டும் பேச்சை மாத்திடுவான். சாமி மேல அவனுக்குக் கோபம் கிடையாது. லாரியில முருகன் படம் தொங்கும். வாசப்படிதான் அவனுக்குத் தாண்ட முடியல.

2011 தொடக்கத்துல அவன் அம்மா தவறிட்டாங்க. சாகறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லியிருக்காங்க. மகன் மனசு மாறி முருகன் சன்னதிக்கு வந்தா, அவன் தலைமுடியைப் பத்துமலையில காணிக்கையாக் குடுக்கிறதா வேண்டிக்கிட்டு இருந்தாங்களாம். வருஷம் திரும்பினப்புறம், 2012 தைப்பூசத்துக்கு அவனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவனுக்கு அப்ப தலையில முடியே இல்ல! நடு மண்டை பளபளன்னு இருக்கு, காதோரம் மட்டும் கொஞ்சம். "முருகனுக்குக் குடுக்க ஒண்ணுமே மிச்சம் வைக்கலையேடா நானு"ன்னான். மொட்டை போடுறவரு பார்த்துட்டு, "இருக்கிறதைக் குடுங்கண்ணே, அவரு கணக்குப் பார்க்க மாட்டாரு"ன்னு சொன்னாரு. சந்தனம் பூசிக்கிட்டு, அந்த 272 படியும் ஒரு வார்த்தை பேசாம ஏறினான். மேல போய் நின்னு அழுதான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் ஏழு வருஷம் நம்ம கோவில்ல இருந்தான். உருமி அடிக்கிற பையன்களோட உட்காருவான். "வேகமா அடிக்கிறது பெருசு இல்லடா, எங்க நிறுத்துறதுன்னு தெரியணும். இடைவெளி இருந்தாத்தான்டா சாமி உள்ள வரும்"னு சொல்லுவான். பையன்கள் அவனை "ராக் அங்கள்"னு கூப்பிடுவாங்க. உங்கள்ல பல பேருக்கு இப்ப ஆள் யாருன்னு தெரிஞ்சிருக்கும். 2019-ல மாரடைப்பு. போயிட்டான்.

நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறது அந்த ஏழு வருஷத்தை இல்ல. அதுக்கு முன்னாடி போன இருபத்திரண்டு வருஷத்தை. எத்தனை திருவிழா, எத்தனை பொங்கல். அவன் புள்ளைங்க ஒரு தேவாரம் தெரியாம வளர்ந்தாங்க. அந்தக் கைக்கு எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை, அதுவும் எல்லார் முன்னாடியும் சொன்னது.

இதை இப்ப ஏன் எழுதுறேன்னா, போன மாசம் அஞ்சு பையன்க தொண்டு செய்ய வந்தாங்க. கருப்பு டி-சட்டை, மண்டை ஓடு படம், ரெண்டு பேருக்கு நீளமுடி, ஒருத்தனுக்குக் காதுல கடுக்கன். மெட்டல் பாட்டுக் குழு வச்சிருக்காங்களாம். கூட்டத்துல ஒரு பெரியவர், "இவங்களை உள்ள விட்டா கோவில் மரியாதை என்ன ஆகும்?"னு கேட்டாரு. அவரை நான் குறை சொல்லல. ஊர்வலத்துல குண்டர் கும்பல் அடையாளம் போட்ட சட்டையோட வந்து கலாட்டா பண்ணினதை எல்லாம் பார்த்தவரு அவரு. அந்தப் பயம் நியாயமான பயம். அந்த மாதிரி சட்டைக்கு நம்ம வாசல்ல இடம் கிடையாது, அதுல எனக்கு மறுபேச்சு இல்ல.

ஆனா முடி? நான் எழுந்திருச்சுச் சொன்னேன்: "அய்யா, பழனியில நிக்கிறவரு மொட்டை. அவரோட அப்பா சடைமுடி, அதுல பாம்பு வேற. இந்த வீட்ல முடியைப் பத்தி யாரு யாரைக் கேட்கிறது?" எல்லாரும் சிரிச்சுட்டாங்க, பெரியவரும்தான். அப்புறம் என் கூட்டாளி கதையைச் சொன்னேன். யாரும் சிரிக்கல.

அன்னிக்கு முடிவானது இதுதான். அலமாரியில இருபது வேட்டி, கோவில் டி-சட்டை எல்லா அளவுலயும் வச்சிருக்கோம். பொருத்தமில்லாத உடையில யாரு வந்தாலும் திருப்பி அனுப்புறது இல்ல. தனியா ஓரமாக் கூப்பிட்டு, "தம்பி, இதை மாத்திக்கோ"ன்னு குடுக்கிறோம். நீளமுடியா, கட்டிக்கோ. மாத்தினவுடனே அன்னிக்கே ஒரு வேலை குடுக்கணும். சும்மா நிக்க விடக்கூடாது.

பலன் என்னன்னு கேட்டா, நம்ம மைக் செட்டைக் கேளுங்க. அர்ச்சனை நடுவுல "ஊய்ய்ய்ய்"னு ஊளையிடுமே, ரெண்டு வாரமா கேட்டீங்களா? அந்தக் கடுக்கன் போட்ட தம்பி வந்து பார்த்த உடனே சொன்னான், "அங்கள், ஸ்பீக்கர் மைக்கைப் பார்த்து நிக்குது. ஸ்பீக்கர்ல வர்ற சத்தத்தையே மைக் திரும்பக் கேட்குது, அதையே இன்னும் பெருசாக்கி அனுப்புது, அதான்." ஸ்பீக்கரை ரெண்டையும் முன்னாடி தள்ளிச் சனத்தைப் பார்த்துத் திருப்பி வச்சான். ஓதுவார் மைக்குக்குக் கிட்டத்துல நின்னு பாடினாப் போதும், சத்தத்தை ஏத்த வேண்டியதில்லைன்னு சொல்லிக் குடுத்தான். முடிஞ்சது வேலை. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கித்தார்ல அந்த ஊளையையே பாட்டா மாத்தினவரு. ஆனா தேவாரத்துக்கு நடுவுல நமக்கு அது வேணாமே!

கேபிளை எப்படிச் சுத்தி வைக்கணும்னு கூட அவங்கதான் இப்ப நமக்குச் சொல்லித் தர்றாங்க. உருமிப் பையன்களுக்குக் காதுல வைக்கிற அடைப்பானும் வாங்கிக் கொடுத்திருக்காங்க. கைக்குழந்தையோட வர்ற தாய்மாருங்களுக்கும் ஒரு வார்த்தை: மேளத்துக்கு ரொம்பப் பக்கத்துல நிக்காதீங்க. வீட்டுக்குப் போனப்புறமும் காதுக்குள்ள வண்டு சுத்துற மாதிரி இருந்தா, சத்தம் அளவுக்கு மேல போயிடுச்சுன்னு அர்த்தம்.

பழைய பாட்டைக் கேட்டா ஏன் மனசு இப்படி இழுக்குதுன்னு நான் அடிக்கடி யோசிப்பேன். பாட்டு எங்கயும் போகல. போன்ல தட்டினா எல்லாம் இருக்கு, நாடா சிக்காது, பென்சில் வேணாம். நான் தேடுறது அந்த ஆறு பேரை. ஒரு கேசட்டைச் சுத்தி உட்கார்ந்து, ஒருத்தனும் வாயைத் திறக்காம ஒரு பக்கம் முழுசாக் கேட்ட அந்தப் பொறுமையை. வெளிய செம்பனைக் காட்டுல மழை, உள்ள ஜான் லார்டோட ஆர்கன். அந்த வயசுல காதுல விழுந்தது அப்படியே தங்கிடுது. முப்பது வயசுல கேட்ட பாட்டெல்லாம் எனக்குப் பாதி மறந்து போச்சு. பதினஞ்சு வயசுல கேட்டது ஒரு அடி கூட மறக்கல.

அதனாலதான் சொல்றேன். பதினஞ்சு வயசுல கேட்ட பாட்டு மட்டுமா தங்குது? கேட்ட வார்த்தையும்தான் தங்குது. இன்னிக்கு நம்ம வாசல்ல வந்து நிக்கிற பதினஞ்சு வயசுப் பையனுக்கும் பொண்ணுக்கும் நாம சொல்ற முதல் வார்த்தை, அவங்க ஐம்பது வயசு வரைக்கும் கூடவே போகும். "வா தம்பி, சாப்பிட்டியா?"ன்னு இருக்கட்டுமே.

ஞாயித்துக்கிழமை காலை 10 மணிக்கு உருமி வகுப்பு, அது முடிஞ்சு 11.30-க்குத் தேவார வகுப்பு. ரெண்டும் இலவசம். ரெண்டுக்கும் சேர்த்து வந்தா மதியம் சாப்பாடு உண்டு. தேர் அன்னிக்கு ஜெனரேட்டர் வண்டிக்கும் கேபிள் பிடிக்கவும் இன்னும் எட்டுப் பேரு வேணும். முடி எவ்வளவு நீளம்னு யாரும் கேட்க மாட்டோம்.

எப்பவோ ஒரு நாள் ஏதோ ஒரு கோவில் வாசல்ல யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காக வராம இருக்கிறவங்க உங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கலாம். இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்புங்க. வாங்கன்னு நாங்க கூப்பிட்டோம்னு சொல்லுங்க.

என் வயசுக்காரங்க உங்க முதல் கேசட் எதுன்னு கீழ எழுதுங்க. சர்ச்சா, விங்ஸா, இல்ல இளையராஜாவா, எதுவா இருந்தாலும் சரி. படிக்க ஆசையா இருக்கு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!